அறுபதின் முயல்

ஒரு நொடியை அறுபது துண்டாக வெட்டி, அதில் ஒரு துண்டு குறைந்தாலும் சோறு இறங்காத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதிலும் இல்லை. பூநகரிப் பக்கம், ஜெயபுரத்துக்குத் திரும்புகிற வீதியில், ஒரு தகரக் கொட்டிலில் வோட்டர் பம்ப் திருத்துகிறார். அவர் இவர் என்றெல்லாம் மரியாதை வேண்டாம், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். தாய் தகப்பன் வைத்த பெயர் சங்கக்கடைப் பங்கீட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவன் அறுபது.

வேலையில் அவனை அடிக்க ஆள் இல்லை. பம்பை இயக்கிவிட்டு, ஸ்குரூ டிரைவரின் நுனியை இயந்திரத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவான். பிறகு வியாதியைச் சொல்வான். வயலில் பம்ப் நின்றுவிட்டால் கொண்டுவரக்கூடத் தேவையில்லை. போனை எடுத்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் போதும், அங்கிருந்தே, "பிளக்கைக் கழட்டித் துடையுங்கோ" என்பான். துடைத்தால் ஓடும். அப்படிப்பட்ட கைராசிக்காரனுக்குத்தான் போன வருடம் விசர் பிடித்தது.

கொழும்பிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கேம் மெசின். அந்தக் காலத்தில் ரீவியோடு பொருத்தி, கசெற் போட்டு விளையாடினோமே, அந்தப் பழைய கேம்களையெல்லாம் இந்தக் குட்டிச் சாமான் தனக்குள்ளே போட்டு நடித்துக் காட்டும். அதில் ஒரு முயல், ஆற்றில் மிதந்து வரும் மரக்குற்றிகளில் குதித்துக் குதித்து அக்கரை போக வேண்டும். அவ்வளவுதான் கேம். ஒரு நொடிக்கு அறுபது படம் ஓடினால்தான் முயல் வழுக்கிக்கொண்டு போகுமாம். ஐம்பத்தெட்டு ஓடினால் விக்கி விக்கித் தட்டுமாம்.

நான் மிளகாய்த் தோட்டத்துப் பம்பைத் தூக்கிக்கொண்டு போன அன்று என் மூக்குக்கு நேரே அந்தத் திரையை நீட்டினான்.

"வடிவாப் பாருங்கோ அண்ணை. தட்டுதெல்லோ?"

நான் பார்த்தேன். முயல் ஓடியது. எனக்கு ஒரு தட்டும் தெரியவில்லை. இல்லை என்றேன். அவன் என் பம்பை ஒரு காலால் மூலைக்குத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

பிறகுதான் விசயம் விளங்கியது. தட்டுகிறது என்று ஒப்புக்கொள்கிறவனுடைய பம்புக்குத்தான் அன்றைக்கு வைத்தியம். இரண்டு கிழமைக்குள், வீம்பு பிடித்த என்னைத் தவிர, சுற்றுவட்டார விவசாயிகள் எல்லோரும் பழகிவிட்டார்கள். சைக்கிளை விட்டு இறங்க முதலே, "ஓம் தம்பி, தட்டுது" என்பார்கள். இதில் வந்தது வினை. ஒருமுறை நாலு இரவு கண் முழித்து, ஒரு தட்டும் இல்லாமல் முயலை ஓட வைத்துவிட்டான். சந்தோசத்தில், வந்த முதல் கிழவரிடம் காட்டினான். அவர் பழக்கதோசத்தில், "ஓம் தம்பி, நல்லாத் தட்டுது" என்றார். அறுபது, பாவி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான்.

அவனுக்குத் தெரிந்த வைத்தியம் பம்ப் வைத்தியம்தான். மெசினின் கேம்கள் இருந்த சின்னக் கார்ட்டைக் கழற்றி, பிளக்கைக் கழுவுகிற மாதிரிப் பெற்றோலில் கழுவினான். அது அன்றோடு கண்ணை மூடியது. நல்ல கார்ட் ஒன்று கிளிநொச்சியில் வாங்கிப் போட்ட பிறகு பாதித் தட்டல் போனது, ஆனால் பெற்றோல்தான் வழி காட்டியது என்று இன்றைக்கும் சாதிப்பான். மத்தியான வெயிலில் மெசின் சூடேறிச் சுணங்கியது. சூடேறிய இயந்திரத்துக்கு என்ன செய்வோம்? ஈரச் சாக்குப் போடுவோம். பொலித்தீன் பையில் கட்டி, ஈரச் சாக்குக்குள் வைத்து, பிள்ளைப்பேற்றுக்காரி மாதிரி மடியில் ஏந்திக்கொண்டு விளையாடினான். செற்றிங்ஸ் என்று ஆங்கிலத்தில் நீண்ட பட்டியல் ஒன்று திரையில் வரும். அதையும் காபரேற்றர் ஆணியைத் திருகுவது போலத்தான் திருகுவான். ஒன்றைக் கொஞ்சம் கூட்டுவான், கண்ணை மூடிச் சத்தம் கேட்பான், இன்னொன்றைக் கொஞ்சம் குறைப்பான். ஸ்குரூ டிரைவரை மெசினில் வைத்துக் காதில் பிடித்ததையும் நான் என் கண்ணால் கண்டேன். யாரும் நம்ப வேண்டாம்.

இதற்கிடையில் என் மிளகாய்க் கன்றுகள் வாடத் தொடங்கின. "நீங்கள் பம்ப் எடுக்கப் போறியளோ, முயல் பார்க்கப் போறியளோ?" என்று வீட்டில் என் மனிசி கேட்டாள். எனக்கும் பொறுமை விட்டுப்போனது. அடுத்த நாள் போய், வாயில் வந்தபடி ஏசினேன். முப்பது வயது தாண்டியும் விளையாட்டுச் சாமானோடு குந்திக்கொண்டிருக்கிறாய், ஊர் வயலெல்லாம் காய்கிறது, உனக்கு வெட்கமில்லையா என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான்.

"அக்கா வாறா அண்ணை," என்றான். "பத்து நாளைக்கு."

அவனுடைய அக்கா கனடா போய் இருபது வருடமாகப் போகிறது. ஒரே அக்கா. கிழமைக்கு ஒருக்கால் போன் எடுப்பா. சாப்பிட்டியோ, ஓம். அங்க குளிரோ, ஓம். சரி அப்ப வைக்கிறன். இவ்வளவுதான் இருபது வருடக் கதை.

"முதல் நாள் கட்டிப் பிடிச்சு அழுவம்," என்றான். "மிச்ச ஒன்பது நாளும் என்னத்தைக் கதைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

பிறகு முழுவதையும் சொன்னான். சண்டை நின்று பாதை திறந்திருந்த காலத்தில் தகப்பன் வவுனியாவிலிருந்து ஒரு ரீவி கேம் வாங்கி வந்தாராம். ஜெயபுரத்தில் அப்போது கரண்ட் ஏது? ஜெனரேற்றர்தான். அக்கா உள்ளே இருந்து முயலை ஓட்டுவா. இவன் வெளியே ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் குந்தி, வேகம் ஏறி இறங்காமல் விசையைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பான். கை தளர்ந்தால் ரீவிப் படம் சுருங்கும், அக்கா கத்துவா. அவன் அந்தக் கேமைப் பார்த்ததைவிடச் சுவருக்கு வெளியே இருந்து கேட்டதுதான் அதிகம். ஊரே மெச்சுகிற அந்தக் காது அங்கேதான் படித்தது. நான் பம்பைக் கேட்காமலே வந்துவிட்டேன். மிளகாய்க்கு வாளியால் இறைத்தேன்.

அக்கா வந்தா. முதல் நாள் சொன்னபடி அழுதார்கள். இரண்டாம் நாள் நான் பம்பைக் கேட்கப் போனபோது அக்கா கொட்டிலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தா. அறுபது, மெசினைச் சட்டையில் துடைத்து, அவாவின் கையில் கொடுத்தான். முயல் பட்டுப்போல ஓடியது. மூன்றாவது குற்றியில் ஆற்றுக்குள் விழுந்தது. திரும்ப ஓடியது, திரும்ப விழுந்தது. பத்துப் பன்னிரண்டு தரம் விழுந்திருக்கும். அக்கா சிரித்துக்கொண்டே மெசினை மேசையில் வைத்தா.

"எனக்கு வயசு போட்டுது தம்பி."

தேத்தண்ணி குடிக்கிறியோ என்று அவன் கேட்டான். இப்பதானே குடிச்சனான் என்று அவா சொன்னா. அவன் ஒரு பழைய பிளக்கை எடுத்து, துடைத்த இடத்தையே துடைத்தான். எட்டு நாள் மிச்சம் இருந்தது. எனக்கு அந்த இடத்தில் நிற்கவே அந்தரமாக இருந்தது.

அக்கா எழும்பினா. வாசலில் நின்று, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னா.

"இந்த முயல் ஏன் இப்பிடிப் பறக்குது? எங்கட முயல் ஆறுதலாத்தானே குதிக்கும்."

சொல்லிவிட்டு அந்தப் பழைய கேம் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தா. தாளத்துக்குக் கை கதவு நிலையில் தட்டியது. அறுபது கண்ணை மூடினான். மெசினை எடுத்துக் காதில் வைத்தான். அக்காவைத் திரும்பப் பாடச் சொன்னான். பம்ப் நோயாளி ஒன்றைப் பார்க்கிற அதே முகம்.

"அஞ்சு ஓட வேண்டிய இடத்தில ஆறு ஓடுது," என்றான்.

விசயம் இதுதான். எங்கள் பக்கத்து ரீவிக்கு வந்த அந்தப் பழைய சாமான் நொடிக்கு ஐம்பதுதான் ஓடியது. அறுபது வேறு தேசத்துக் கணக்கு. ஐம்பது என்ற தெரிவு அந்தப் பட்டியலில் எப்போதும் இருந்ததாம், குறைவானதை எவன் தேடுவான் என்று தாண்டிப் போயிருக்கிறான். யானைக்கும் அடி சறுக்கும். இரண்டு மாதமாக ஊரையே ஆட்டிவைத்தவன், ஒரு தரம் கூட அக்காவின் பாட்டை நினைத்துப் பார்க்கவில்லை.

ஐம்பதில் வைத்து அக்காவிடம் கொடுத்தான். ஆனால் அந்தத் திரை அறுபதுக்குப் பழகிய திரை. ஐம்பதை அதில் ஓட்டினால் ஒழுங்காகப் பொருந்தாது. முயல் தட்டித் தட்டி ஓடியது. கண் மங்கிய எனக்கே தட்டல் தெரிந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது தரம் முயல் அக்கரையில் ஏறியது. அக்கா அவனுடைய தலையில் ஒரு குட்டுக் குட்டினா.

"நீ வெளியில மோட்டரைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிற மாதிரியே இருக்கடா," என்றா. அதோடு பேச்சுக்குக் கதவு திறந்துவிட்டது. ஜெனரேற்றரில் அவன் கை சுட்டது, பெற்றோல் முடிந்த அன்று இவா சாப்பிடாமல் படுத்தது, தகப்பன் ஒளித்து வைத்த கசெற். நான் வெளிக்கிட்டதைக்கூட அவர்கள் காணவில்லை. மிச்சம் எட்டு நாளும் போதவில்லை என்று கேள்வி.

அக்கா போகும்போது மெசினைக் கையோடு கொண்டுபோய்விட்டா. இப்போது ஞாயிறு பின்னேரங்களில் கொட்டிலுக்குப் போனால் பிரயோசனம் இல்லை. அங்கே கனடாவில் விடிந்திருக்கும். அக்கா போனை மெசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விளையாடுவா. இவன் இங்கே கண்ணை மூடிக்கொண்டு காதில் போனைப் பிடித்திருப்பான். "இப்ப குதி அக்கா," என்பான். பம்போடு வந்தவர்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். யாரையும் அவன் தட்டுதோ என்று கேட்பதில்லை.

என் பம்ப் இன்னும் அந்த மூலையில்தான் கிடக்கிறது. மழை தொடங்கப் போகிறது. கிடக்கட்டும்.