ஐம்பது சென்டிமீட்டர் பேத்தி

அலமாரி செய்யும் பட்டறையில் அளவுப்படம் வரைபவர் அன்று காலை ஒரு பெரிய முடிவெடுத்தார். மனைவியிடம் பொய் சொல்வது. முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன ஒரு பொய்கூட அரைமணி நேரம் தாங்கியதில்லை. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஏழாம் மாதமே பெண் குழந்தை பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஓடிப்போய்ப் பார்க்க முடியாதபடி மனைவிக்குக் காலில் மாவுக்கட்டு. மாப்பிள்ளை ஒரு படம் அனுப்பியிருந்தார், பக்கத்தில் அளவு டேப்போடு.

நம் ஆள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எதையும் நிஜ அளவில்தான் பார்ப்பார். ஸ்கிரீனில் கோடு போட்டு, அதன்மேல் ஸ்கேலை வைத்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை சரிபண்ணி வைத்திருந்தார். அதே பழக்கத்தில் பேத்தியையும் நிஜ அளவுக்குக் கொண்டுவந்தார். முப்பத்தைந்து சென்டிமீட்டர். உள்ளங்கையை ஸ்கிரீனில் வைத்தார். குழந்தையின் நெஞ்சும் வயிறும் மறைந்துபோயின. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பிறகு டேப் தெரிந்த ஓரத்தை வெட்டி எறிந்து, குழந்தையை நிறைமாதப் பிள்ளையின் அளவான ஐம்பதுக்கு இழுத்துவிட்டார். மனைவியை நாற்காலியோடு தள்ளி வந்து, இதுதான் நிஜ அளவு என்று கூசாமல் சொன்னார்.

அந்த அம்மாள் வீட்டிலேயே தையல் தைப்பவள். வெகுநேரம் பார்த்தாள். குழந்தை பிடித்திருந்த நர்ஸின் விரலை வெட்ட அவர் மறந்திருந்தார்.

"என்னங்க, இந்தம்மா விரல் வாழைப்பழமாட்டம் இருக்கு?"

"அவங்க கொஞ்சம் பெரிய உடம்பு."

"ஓ."

அவ்வளவுதான். பொய் பலித்துவிட்டது. நான்கு நாள் நான்கு படம், எல்லாம் ஐம்பது. மனைவியின் எதிரில் சிரிப்பார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார்.

ஐந்தாம் நாள், மகளுக்கு அனுப்பச் சொல்லி மனைவி ஒரு பொட்டலம் கொடுத்தாள். பிரித்தார். உள்ளே ஒரு சட்டை. உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார்; விரல் நுனியைக்கூட எட்டவில்லை.

"இது... அளவு எப்படித் தெரியும்?"

"நீங்க குளிக்கப் போனதும் கம்ப்யூட்டர்ல அந்த நர்ஸம்மா விரலை என் விரல் அளவுக்குச் சுருக்கினேன். பிள்ளை தன்னால சரியான அளவுக்கு வந்துட்டா." அவள் கண் நிறைந்திருந்தது.

"முதல் நாளேவா? அப்புறம் ஏன் சொல்லல?"

"பெருசா பாத்தா உங்களுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்போலன்னு விட்டுட்டேன்."