மெமரி மேல் பழி போடாதவர்

ஹைதராபாத் முழுவதும் தண்ணீர் லாரியைப் பற்றியும் மேம்பாலத்து நெரிசலைப் பற்றியும் கவலைப்பட்டபோது, விண்வெளிக் கதிர்களைப் பற்றிக் கவலைப்பட்டவர் ஈசிசி சார் ஒருவர்தான். ஊர் சார்பில் அந்தப் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டிருந்தார்.

பத்திரிகைக்கு வருமுன் மூன்று வருடம் பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் அறை அவருடையது; ஈசிசி நாங்கள் வைத்த பெயர். ஈசிசி என்பது, பிட் எனப்படும் பூஜ்யம், ஒன்றுகளாகத் தன்னிடம் இருக்கும் தகவலில் பிழை நேர்ந்தால் தானே திருத்திக்கொள்ளும் ஒருவகை மெமரி. அதைப் பற்றி அவரிடம் கேட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடப் போனவர் யாருமில்லை.

"அறுபத்து நாலு பிட்டுக்கு எட்டு பிட்டு காவல்வே. ஒண்ணு மாறினா எதுன்னு கண்டுபிடிச்சுத் திருத்திரும். ரெண்டு மாறினா கோளாறுன்னு கத்தும், திருத்தாது."

"மூணு மாறினா சார்?"

"அப்போ அது நம்ம டிபார்ட்மென்ட் மாதிரி. எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாலும் சொல்லும்."

பிட் ஏன் மாறுகிறது என்று கேட்டால் கூரையைக் காட்டுவார். அங்கே ஒரு மின்விசிறிதான் இருக்கும். கதிர்கள் அதற்கும் மேலே இருந்து வருகின்றனவாம்.

இந்தத் தத்துவத்தை அவர் கேன்டீனுக்கும் கொண்டுபோனார். "நாலு இட்லி, ஒரு வடை, ஒரு காபி. மொத்தம் ஆறு." ஒருநாள் கேன்டீன் முருகேசன் கொண்டுவந்ததை எண்ணிவிட்டு, "அஞ்சுதான் இருக்கு. பிழை இருக்கு. எதுல பிழைன்னு கூட்டல் சொல்லாது" என்றார்.

"கூட்டல் நக்கோ சார், கூட்டலே வேணாம். கண்ணு சொல்லுதே, இட்லி மூணுதான் இருக்கு."

"கண்ணு நம்ம முறையில சேராதுவே."

எந்தப் பட்டியலை எழுதிக்கொடுத்தாலும் அடியில் மொத்தம் போட்டுத்தான் கொடுப்பார். தட்டச்சு செய்பவரும் கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து.

அப்படி இருந்தும் ஒரு தொகுதி உயரமானிகள் திரும்பி வந்தன. நல்லவேளை, விமானத்தில் பொருத்துமுன்பே பிடித்துவிட்டார்கள். அளவுப் பட்டியலில் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. பட்டியலைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து கையெழுத்திட்டவள் பரிமளா. வேலை நிரந்தரமாக அவளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பழி அவள் மேல் விழுந்தால் வேலை போய்விடும்.

மேனேஜர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; 'ஏன்' என்பதற்கு ஊர் உருதுவில் 'கைக்கு' என்பவர். எல்லாருக்கும் நல்ல வழி ஒன்றை உடனே கண்டுபிடித்தார். "மெமரி தப்பு பண்ணிச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். மெமரிக்கா மெமோ குடுக்கப் போறாங்க?"

"எழுத மாட்டேன். பதிவைப் பார்த்துட்டேன். அந்த மாசம் ஒத்த பிட்டு பிழை ரெண்டு வந்துச்சு, ரெண்டையும் அதுவே திருத்திருச்சு. நாம குடுத்ததை அது அப்படியே காப்பாத்தி வச்சிருக்கு. தப்பைக் குடுத்தா தப்பையும் பத்திரமா வச்சிருக்கும்."

"கைக்கு சார் இந்தப் பிடிவாதம்? ஒரு பொண்ணு வேலை!"

"செய்யாத தப்பை அது மேல எழுதச் சொல்லுதீரா?"

ஒரு மெமரிப் பலகையின் மானத்துக்காக ஒரு பெண்ணைக் காவு கொடுக்கிறார் என்று நாங்கள் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதினோம். பரிமளா அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினாள். முருகேசன் இட்லியை எண்ணாமலே வைத்துவிட்டுப் போனான்.

அவரோ இரண்டு நாள் பழைய காகிதக் கட்டுகளுக்குள் தலையை விட்டபடி இருந்தார். மூன்றாம் நாள் மேனேஜர் மேஜையில் ஒரு தாளை வைத்தார். பரிமளாவுக்குத் தட்டச்சு செய்யக் கொடுத்த மூலத்தாள். எண்கள் அதிலேயே இடம் மாறியிருந்தன. எழுதியிருந்தது அவரே.

"ரெண்டு எண்ணு இடம் மாறினா கூட்டல் மாறாதுல்லா" என்றார். "அந்தப் பிள்ளை கூட்டிப் பார்த்திருக்கு. சரியாத்தான் வந்திருக்கும். என் முறை என் தப்பையே பிடிக்கல."

மேனேஜர் தாளைத் திருப்பி நீட்டினார். "இதை நான் பாக்கலை சார். கொண்டு போங்க."

"நகல் விசாரணைக் குழுவுக்கு அனுப்பியாச்சு."

பரிமளாவின் வேலை நிரந்தரமானது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஆணியும் திருகாணியும் எண்ணும் ஸ்டோருக்கு மாற்றல் வந்தது. கதிர்கள் எட்டாத இடம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் அறையைக் காலி செய்த அன்று, அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பரிமளா முன்னால் நடந்தாள். டைரக்டர் வந்தாலும் பாதி எழும் எங்கள் பிரிவு, யாரும் சொல்லாமல் முழுதாக எழுந்து நின்றது.

"ஏன்வே நிக்கீங்க? உக்காருங்க, வேலையைப் பாருங்க."

அவர் ஸ்டோர் பக்கம் திரும்பி மறையும்வரை ஒருவரும் உட்காரவில்லை.