முள்ளம்பன்றி வைத்த பரஸ்தானம்

ஒரு காட்டில், கடலை ஒரு தடவைகூடப் பார்த்திராத முள்ளம்பன்றி அம்மாள் ஒருத்தி குடியிருந்தாள். பெயர் ஞானாம்பாள். கல்யாணமான புதிதில் அவள் கணவர் குஞ்சிதபாதம், கடலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கில் பிசகு ஒன்றும் இல்லை. நேரம்தான் அமையவில்லை. அது அமைவதற்குள் ஞானாம்பாளுக்கு முட்டிவலி வந்துவிட்டது. கரடி வைத்தியர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, இந்தக் கால் இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கும், நடக்க வேண்டிய இடமெல்லாம் அதற்குள் நடந்துவிடுங்கள் என்றார்.

ஞானாம்பாளுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. கடலில் கால் நனைக்க வேண்டும். முட்டி வரைக்கும் நனைந்தால் போதும்.

கிழக்கே ஒரு நாள் நடையில் ஒரு கடல் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கரையில் குஞ்சிதபாதத்தின் பங்காளிகள் இருந்தார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு அவர்களைப் பார்க்காமல் வந்தால் பழி. பார்த்தாலோ, தாத்தா காலத்துக் கிழங்குத் தகராறு மறுபடியும் முளைக்கும். பங்காளிகள் இல்லாத கடல் எங்கே இருக்கிறது என்று விசாரித்ததில், ஐரோப்பாவில் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது.

சொன்னது வாலாட்டிக் குருவி. அது குளிர்காலத்துக்கு மட்டும் இந்தக் காட்டுக்கு வந்து போகும். அதன் சொந்த ஊர் கடற்கரைக் கிராமம். அங்கே கல்படிகள் நேராகக் கடலுக்குள் இறங்குமாம். கடைசிப் படியில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமாம்.

"நாம இறங்கித் தேடிப் போக வேண்டாம்மா. அலையே ஏறி வந்து காலைத் தொட்டுட்டுப் போகும்" என்றது வாலாட்டி.

ஞானாம்பாள் அன்று முழுவதும் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கணவனும் மனைவியும் நரி நவநீதத்திடம் போனார்கள். புளியமரத்தடியில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது நவநீதத்தின் தொழில். சுற்றுலா வந்த யாரோ விட்டுப்போன செல்போனை வைத்துக்கொண்டு, அவன் விரலால் தள்ளித் தள்ளி வழி சொன்னான். வெள்ளிக்கிழமை விமானம். இறங்கியதும் ரயில். நடுவில் ஒரு ஜங்ஷனில் வேறு ரயில் மாற வேண்டும், அதற்கு எட்டு நிமிடம் இருக்கும். கடைசியில் ஒரு பஸ். கிராமத்துக்கு அந்த ஒரு பஸ்தான், அதுவும் மத்தியானம் ஒரு தடவைதான்.

குஞ்சிதபாதம் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம் என்றார். ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால் சரியாகிவிடும் என்றான் நரி. தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்றார் குஞ்சிதபாதம். பிறகு ராகு காலத்துக்கு வந்தார். ரயில் ஏறும்போது இந்த ஊர் ராகு காலமா, அந்த ஊர் ராகு காலமா? நரி செல்போனைப் பார்த்து, அங்கே கோடையில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சூரியன் வந்துவிடும், இரவு பத்து மணிக்குத்தான் போகும் என்றான். பகலை எட்டாக வகுத்தால் ஒரு பங்கு ராகு காலம். அந்தக் கணக்குப்படி அந்த ஊரில் ராகு காலமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வந்தது. குஞ்சிதபாதத்தின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன் ஐயா, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றான் நரி. "வெயில் காலம் வந்தா அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வச்சுக்குவாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"ராகுவுக்குச் சொல்லிட்டாங்களா?"

நரி யோசித்தான். "நான் டிக்கெட் போடறவன் ஐயா" என்றான். "கிரகத்துக்கு வேற ஆளைப் பாருங்க."

இந்தத் தடவையும் நேரம் அமையாது என்று ஞானாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுந்து நடந்தாள். முட்டி சத்தம் போட்டது. அந்தச் சத்தம் குஞ்சிதபாதத்தின் காதிலும் விழுந்தது. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அன்று ராத்திரி சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு யோசித்து, பரஸ்தானம் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

பரஸ்தானம் என்பது நல்ல ஏற்பாடு. கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் நம்முடைய சாமான் ஒன்றை வெளியே அனுப்பி, வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். சாமான் எப்போது வாசல் தாண்டியதோ, அப்போதே நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. இதில் நிபந்தனை ஒன்றுதான். வெளியே அனுப்பிய சாமானை, பிரயாணம் போகிறவர் போய் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அது வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

மற்றவர்களாக இருந்தால் பெட்டியைப் பக்கத்து மரநாய் வீட்டில் வைத்திருப்பார்கள். குஞ்சிதபாதம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. விமானத்துக்குச் சூலம், ரயிலுக்கு ராகு காலம், பஸ்ஸுக்கு எமகண்டம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பரஸ்தானம் வேண்டும் என்றார். பெட்டி எப்போதும் தங்களுக்கு ஒரு கட்டம் முன்னால் நல்ல நேரத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வாலாட்டி ஊர் திரும்புகிற பருவம் அது. பெட்டிக்குத் துணையாகப் போகிறேன் என்று அது ஒப்புக்கொண்டது. வியாழக்கிழமை அமிர்தயோகத்தில் பெட்டி கிளம்பிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை இருவரும் விமான நிலையம் போனார்கள். சோதனை செய்கிற காட்டெருமை, கூரான பொருள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டது. குஞ்சிதபாதம் பொய் சொல்லி வழக்கமில்லை. ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். நானூறைத் தாண்டியதும் காட்டெருமை கையெடுத்துக் கும்பிட்டு, போங்கள் என்று விட்டுவிட்டது.

அடுத்தது டிக்கெட் பார்க்கிற இடம். அங்கே வேலையில் இருந்தது ஒரு பூனை.

பூனை மேல் தப்பு சொல்ல முடியாது. எடை போடுகிற மெஷின் இடது பக்கம் இருந்தது, சீட்டு வருகிற மெஷின் வலது பக்கம் இருந்தது. குறுக்கே போவதற்குத்தான் அதற்குச் சம்பளம். அது ஒரு தடவை குறுக்கே போனதும் குஞ்சிதபாதம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி எழுந்து போனார். அது மறுபடி குறுக்கே போயிற்று. அவர் மறுபடி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பின்னால் வரிசையில் நின்ற மிளா மான், "பெரியவரே, கண்ணை மூடிக்கிட்டுப் போயிடுங்களேன்" என்றது. கண்ணை மூடினால் சகுனம் பார்த்ததாக ஆகாது என்று அவர் விளக்கினார். குடித்த தண்ணீருக்காக இரண்டு தடவை ஒதுங்கப் போய் வந்தார். மூன்றாவது தடவை போயிருந்தபோது விமானம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் கழித்து, நரியின் செல்போனுக்கு வாலாட்டி ஒரு படம் அனுப்பியது. கல்படிகள். கடைசிப் படியில் அவர்கள் வீட்டுப் பெட்டி. பின்னால் நீலமாகக் கடல். அலை ஏறி வந்து பெட்டியின் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஞானாம்பாள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். இந்தப் பெட்டிக்கும் பூனை உண்டு, வழியில் ராகு காலம் உண்டு, எட்டு நிமிடத்தில் ரயில் மாற வேண்டியதும் உண்டு. இருந்தும் போய்ச் சேர்ந்துவிட்டதே, எப்படி என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க, ஆளுக்குத்தான் சகுனம் பார்க்கிறார்கள், சாமானுக்கு ஒருவரும் பார்ப்பதில்லை என்று தெளிவாயிற்று.

அன்று கணவர் கஞ்சி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த பிரயாணத்துக்குப் பரஸ்தானம் வைக்க எதை அனுப்புவது என்று கேட்டாள். இருந்த ஒரு பெட்டியும் கடலில் இருக்கிறது.

"எதை வேணா அனுப்பிட முடியாது" என்றார் குஞ்சிதபாதம். "நம்முடையதா இருக்கணும். நாள்பட்டுப் புழங்கினதா இருக்கணும். அது இல்லாட்டி நமக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கணும். அதுதான் முறை."

"அப்போ நான் இருக்கேனே."

குஞ்சிதபாதம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கூடாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். எந்த முறைப்படி கூடாது என்று தெரியாததால் மூடிக்கொண்டார். பஞ்சாங்கத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை பார்த்தார். மனைவியைப் பரஸ்தானமாக வைக்கக் கூடாது என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. மூன்றாம் நாள், அடுத்த வியாழக்கிழமை நேரம் நன்றாக இருக்கிறது என்று அவரே வந்து சொன்னார்.

ஞானாம்பாள் சாமானாகக் கிளம்பினாள். நரி அவள் கழுத்தில் ஒரு அட்டையைக் கட்டிவிட்டான். காட்டெருமை அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'கவனம், குத்தும்' என்று ஒரு சீட்டை மட்டும் முதுகில் குத்தி வைத்தது. பூனை அவளுக்கு முன்னால் ஆறு தடவை குறுக்கே போயிற்று. அவள் ஓடுகிற பட்டையின் மேல் உட்கார்ந்து அதற்குக் கையசைத்துக்கொண்டே உள்ளே போனாள். ஜங்ஷனில் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி அடுத்த ரயிலில் போட்டார்கள். முட்டிக்கு ஒரு வேலையும் வரவில்லை, எட்டு நிமிடத்தில் ஐந்து மிச்சம். பஸ்ஸிலிருந்து இறக்கிப் படிக்கட்டில் வைத்தபோது அங்கே அசல் ராகு காலம்.

அலை வந்தது. முட்டி வரைக்கும் நனைந்தது. ஞானாம்பாள் பக்கத்தில் இருந்த பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

குஞ்சிதபாதம் இரண்டொரு நாளில் பின்னாலேயே கிளம்ப வேண்டியவர். சந்திராஷ்டமம் வந்தது. அது போனதும் கரிநாள் வந்தது. மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் நரியின் செல்போனில் ஞானாம்பாளிடம் பேசினார். கஞ்சி தினமும் அடிப்பிடிக்கிறது என்றும், புறா வந்து கூரையைக் கெடுக்கிறது என்றும் சொன்னார்.

"ஞானா, நீ திரும்பி வந்துடேன்" என்றார்.

"நீங்க வந்து எடுக்காம நான் எப்படிங்க திரும்பறது?" என்றாள் அவள். "முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

குஞ்சிதபாதத்துக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் மனைவி முறையைக் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று பெருமையாகவும் இருந்தது. தை பிறந்ததும் ஒரு நல்ல நாள் தென்படுகிறது, வருகிறேன் என்றார்.

"நல்லா பார்த்துட்டே வாங்க" என்றாள் ஞானாம்பாள். "அவசரமில்ல."

நீதி: துணைவியாகப் போகிறவள் விமான நிலையம் வரை போவாள், சாமானாகப் போகிறவளே கடல் வரை போவாள்.