இறக்குமதிப் பயில்வான்

நான் குஸ்தி பிடித்ததில்லை. கல்லூரிக் குஸ்திச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள தூரம், கடலில் நீந்துவதற்கும் கடலைப் பற்றிக் கவிதை எழுதுவதற்கும் உள்ள தூரம். (நான் கரையிலேயே நின்று நரைத்தவன்.)

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ் மாநிலத்தோடு சேர வேண்டும் என்று ஒரு ஊர்வலம் போகும். கூடாது என்று அடுத்த நாள் இன்னொன்று வரும். எங்கள் கல்லூரிக்கோ வேறொரு துக்கம். வருடாந்தரப் போட்டியில், நூற்று நாற்பது ராத்தல் எடைப் பிரிவில், நகரத்துக் கல்லூரியிடம் இரண்டு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம்.

தோற்றவன் லாசர். பொழியூர்க் கடற்கரைக்காரன், என் வகுப்புத் தோழன். விடியும் முன் கரையில் நின்று அப்பனோடு வலை இழுப்பான். பிறகு கல்லூரிக்கு வந்து பாடம் கேட்பான், சாயங்காலம் மரத்தூள் நிரப்பிய கோதாவில் புரளுவான். முதல் வருஷம் ஒரே நிமிடத்தில் தோற்றான், இரண்டாம் வருஷம் ஏழு நிமிடம் தாங்கினான். இதை வளர்ச்சி என்று பார்க்கும் கண் எனக்கு இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைவிட, காய்த்த மரத்தை வேரோடு பெயர்த்துக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம் என்று நம்பிய வயது.

நாகர்கோவிலில் படித்த வேலப்பன் என்ற பயில்வானுக்குக் கடிதம் எழுதினேன். எட்டுப் பக்கம். (அதில் ஆறு பக்கம் உவமைகள்.) அவன் அங்கே டி.சி. வாங்கிக்கொண்டு எங்கள் கல்லூரியில் சேர ஒப்புக்கொண்டான். அந்த எடைப் பிரிவில் மோதுகிறவனுக்கு மட்டும் கட்டணச் சலுகை உண்டு. லாசர் படித்தது அதை வைத்துத்தான். சலுகையை வேலப்பனுக்கு மாற்றும்படி எழுதிக் கொடுத்ததும் இந்தக் கைதான்.

விஷயத்தைச் சொன்னபோது லாசர் கோதாவில் மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“அப்போ எனக்க படிப்பு?”

“கல்லூரியின் மானம் பெரிசில்லையா லாசர்?”

“மானத்துக்குப் பீசு கெட்டண்டாம். எனக்குக் கெட்டணும் மக்கா. அடுத்த மாசம் பேரு வெட்டுவாவ.”

“அப்படியானால் பயிற்சிக்கு வரமாட்டாயா?”

“பேரு வெட்டுறது வரைக்கும் வாறேன்” என்றான், மண்வெட்டியை நிறுத்தாமல்.

போட்டிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது வேலப்பன் பாறசாலை ஸ்டேஷனில் தகரப்பெட்டியோடு இறங்கினான். நூற்று முப்பத்தெட்டு ராத்தல் எடை. செதுக்கிய கருங்காலி மாதிரி இருந்தான். எங்கள் வீட்டில் தங்கவைத்தேன். என் அம்மா இலை போட்டாள். தங்கை கமலம் பரிமாறினாள். பேரழிவு புட்டும் பயறும் பப்படமுமாகத் தொடங்கியது.

மறுநாள் பக்கத்துத் தமிழ் வீட்டார் விருந்துக்கு அழைத்தார்கள். தெற்கிலிருந்து நம்மை நம்பி வந்த பிள்ளையைப் பட்டினி போட்டோம் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாதாம். உடனே எதிர்வீட்டு மலையாளக் குடும்பத்தாருக்கு ரோசம். வந்தவனை நாங்கள் வேறாகப் பார்த்தோம் என்று எந்தத் தமிழன் சொல்லிவிடுவான்? அடைப்பிரதமன் பாயசம் வைத்தார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வெள்ளறடையிலிருந்து பஸ் ஏறி வந்தன. எல்லையை எங்கே போடுவது என்று தெரியாமல் பெரிய மனிதர்கள் வரைபடத்தைப் பிசைந்துகொண்டிருந்த நாளில், எங்கள் ஊர் ஒரு மனிதனின் வயிற்றில் தன் மானத்தை நிலைநாட்டிக்கொண்டிருந்தது. அம்மை தமிழும் அப்பன் மலையாளமுமான வீடுகளில் அவன் இரண்டு முறை சாப்பிட வேண்டியிருந்தது.

“வேண்டாம்னு சொல்லேன்” என்று கெஞ்சினேன்.

“சொன்னா மோசமாக்கும்” என்றான் வேலப்பன். கமலம் மூன்றாவது கரண்டி அவியலோடு நின்றாள். அவன் மோசமானவன் ஆகவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் கொப்பராக் கடைத் தராசில் அவனை ஏற்றினேன். நூற்று நாற்பத்தொன்பது.

கடைக்காரர் எடைக்கல்லைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “எலே, கொப்பரான்னா ரெண்டு நாளு வெயில்ல போட்டா எடை குறையும். இவன என்னத்த செய்ய?”

அவர் கேலி செய்தார். நான் அதை வைத்தியமாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை வேலப்பனுக்கு இரண்டு கம்பளிகளைச் சுற்றி, நெய்யாற்றின்கரைப் போட்டி மைதானம் வரை வெயிலில் ஓட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். அவனுக்குத் துணையாக நானும் ஒரு கம்பளி. (தலைவன் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன்.)

அன்று கடையடைப்பு. பஸ் இல்லை, சாலை வெறிச்சென்று கிடந்தது. வேலை இல்லாமல் வாசலில் நின்ற ஊர், கம்பளி போர்த்திய இருவர் வியர்த்து ஓடுவதைப் பார்த்தது. நான் கையை ஆட்டி, “விடாதே! முன்னேறு!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். உதியன்குளங்கரையில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பத்துப் பேர். அமரவிளை நெருங்கும்போது இருநூறு.

“எங்கயாக்கும் போறோம்?” என்றது ஒரு குரல்.

“முன்ன போறவனுக்குத் தெரியும், நீ வா” என்றது இன்னொன்று.

முன்பாதி தமிழில் கோஷம் போட்டது. பின்பாதி அதை எதிர்த்து மலையாளத்தில் போட்டது. அந்தப் போராட்டக் காலம் முழுவதிலும் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே ஊர்வலத்தில் போனது என் தலைமையில் மட்டும்தான். ஆற்றுப்பாலத்தில் போலீஸ் நின்றது. தடையுத்தரவு அமலில் இருந்தது.

“நேதாவு ஆராடா?” என்றார் இன்ஸ்பெக்டர். யார் தலைவன் என்ற கேள்விக்கு இருநூறு விரல்கள் ஒற்றுமையாக என்னைக் காட்டின.

“சாரே, ஞங்ஙள் குஸ்திக்காராணு” என்று, நாங்கள் குஸ்திக்காரர்கள் என்பதை மலையாளத்தில் கெஞ்சினேன். ஒரு போலீஸ்காரர் வேலப்பனின் கம்பளியை உருவினார். உள்ளே லங்கோடு மட்டும் கட்டிய, ஆவி பறக்கும் ஒரு மனிதன். இன்ஸ்பெக்டர் சிரித்தார். சிரித்தாலும் சட்டம் சட்டம்; இரண்டு மணி நேரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார். அங்கே ஒரு போலீஸ்காரர், வெளியூர்ப் பயில்வான் காலையிலிருந்து பட்டினி என்று கேள்விப்பட்டு மனம் கசிந்து, தன் வீட்டிலிருந்து நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வரவழைத்தார். (அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே.) வேலப்பன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். வேண்டாமென்றால் மோசமாகிவிடும். ஒன்பது சாப்பிட்டான்.

மைதானத்துக்கு வந்தபோது கடைசிப் போட்டிக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். தராசின் மறுதட்டு ஆகாயத்தில் நின்றது. எடை கூடுதல், இறங்க முடியாது என்று நடுவர் தலையசைத்தார். நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

லாசர் ஓரத்தில் தண்ணீர்க்குடத்தோடு நின்றான். மற்ற நண்பர்கள் மோதுவதைப் பார்க்கப் பொழியூரிலிருந்து நடந்தே வந்திருந்தான்.

“லாசர்... மக்கா...”

“பதினஞ்சு நாளு இந்த மக்கா எங்க இருந்தது?”

“நீ இறங்கணும்.”

“எறங்குவேன். சலுகைக் கடுதாசியில எனக்க பேர எழுதி, நீயே கொண்டுபோய் ஒப்பு வாங்கு. அதுவரைக்கும் சட்டையக் கழட்டமாட்டேன், கேட்டியா?”

முதல்வர் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். ஆயிரம் பேர் பார்க்க, தோளில் கம்பளி தொங்க, மைதானத்தின் குறுக்கே நடந்தேன். என் வாழ்நாளின் மிக நீண்ட வாக்கியம் அந்த நடைதான். முற்றுப்புள்ளி முதல்வரின் காலடியில் இருந்தது.

“சார், நான் ஒரு மூடன்.”

“அது தெரிஞ்ச விஷயம். கடுதாசி என்னது?”

படித்தார். என் முதுகையே மேசையாக்கிக் கையெழுத்திட்டார்.

லாசர் நூற்று முப்பத்தொன்பது. எதிராளி போன இரண்டு வருஷமும் அவனைத் தூக்கி எறிந்தவன். இம்முறையும் இடுப்பைப் பிடித்தான். லாசரின் குதிகால்கள் மரத்தூளில் புதைந்தன. அசையவில்லை. அப்புறம் பின்னோக்கிச் சாய்ந்து ஒரு அடி வைத்தான், இன்னொரு அடி வைத்தான். நிறைந்த வலையைக் கடலிடமிருந்து பிடுங்குகிறவனின் நடை அது. அவசரமில்லை, விடுவதுமில்லை. கூட்டத்தில் நின்ற கடற்கரைக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. “ஏலையா! இழு!” என்று ஒரு குரல் எழ, மைதானமே அதை எடுத்துக்கொண்டது, பாலத்தில் எதிரெதிராகக் கத்திய இரண்டு கோஷமும் இப்போது ஒரே மூச்சில் இழுத்தது. எட்டாவது நிமிடம் எதிராளி நிலைகுலைந்தான். லாசர் புரண்டான். எதிராளியின் இரண்டு தோளும் மண்ணில்!

அன்று என் தோல்வியைத்தான் எங்கள் கல்லூரி வெற்றி என்று கொண்டாடியது. நானும் அழுதுகொண்டே கொண்டாடினேன். லாசரை முதலில் தோளில் தூக்கியது வேலப்பன்தான். பழம்பொரியின் பலத்தில் அவனை மூன்று சுற்றுச் சுமந்தான்.

பிறகு எல்லைக் கோடு விழுந்தது. வேலப்பனின் ஊர் அந்தப் பக்கம், எங்கள் ஊர் இந்தப் பக்கம். அவன் மட்டும் போகவில்லை. கமலத்தைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமே தங்கிவிட்டான். இன்று இருநூறு ராத்தலுக்குக் குறையாத என் மச்சினன்.

லாசர் படித்து முடித்து, அதே கல்லூரியில் குஸ்தி மாஸ்டர் ஆனான். வெறும் கையோடு வரும் பையன்களைச் சேர்த்து வருஷக்கணக்கில் வளர்க்கிறான். எவனாவது வேறு கல்லூரியிலிருந்து பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்து நின்றால், மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புகிறான்:

“எனக்க கோதாவுல எடமில்ல மக்கா. பாறசாலையில ஒரு கவிஞர் உண்டு, அங்க போ. வெளியூர்ப் பயில்வான்னா அவரு வீட்டுல சோறு போட்டு, பொண்ணும் குடுப்பாவ.”