லாம்ப்ரோஸ் வெர்கிஸ் கரை இறங்காத வரலாறு

எங்கள் வோலோஸ் நகரத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்க யாரும் புத்தகம் புரட்டுவதில்லை. அப்பாவைப் பெற்றவர் பெயர் என்னவோ, அதுதான் பிள்ளையின் பெயர். பேரன் என்றால் பேரைச் சுமக்கிறவன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தாத்தாவுக்கு ஐந்து மகன் என்றால் ஒரே பெயரில் ஐந்து பேரன். தெருவில் நின்று ஒரு தரம் கூப்பிட்டால் அரை டஜன் தலை திரும்பும். குற்றம் செய்தவன் மட்டும் திரும்பமாட்டான்.

என் அப்பா லாம்ப்ரோஸ் வெர்கிஸ், டயர் கடைக்காரர். அண்ணன் ஸ்டமாதிஸின் மகன் லாம்ப்ரோஸ் வெர்கிஸ், வயது ஐந்து. ஃபோதிஸ் ஆகிய என்னுடைய மகனும் லாம்ப்ரோஸ் வெர்கிஸ்தான், வயது நான்கு. வீட்டில் பெரியவன், சின்னவன் என்போம். இதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரே பதிவில் உல்லாசக் கப்பல் ஏறிய பிறகுதான் வந்தது.

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே என் மனைவி லெமோனியா திட்டமிடத் தொடங்கிவிட்டாள். பிள்ளைகளோடு கப்பல் போய்வந்த தாய்மார்கள் செல்போனில் ஒரு குழுவே வைத்திருக்கிறார்கள். ஒரு போர் நடத்தத் தேவையான அறிவுரை அதில் இருக்கிறது. தூங்கும் நேரத்தில் கரை இறங்காதே. படிக்கட்டு இருந்தால் இறங்காதே. கழிப்பறை எங்கே என்று தெரியாமல் இறங்கவே இறங்காதே. நாங்கள் இறங்கவிருந்த கோட்டோர் துறைமுகத்துக்கு லெமோனியா ஒரு வரைபடம் போட்டாள். கழிப்பறைக்குப் பச்சை, படிக்கட்டுக்குச் சிவப்பு, ஐஸ்கிரீம் கடைக்கு மஞ்சள். ஊருக்கு என்ன நிறம் என்று கேட்டேன். "ஊர் எதுக்குங்க?" என்றாள்.

சின்னவனுக்கு இந்த நிறமெல்லாம் வேண்டாம். கோட்டோரில் மனிதர்களைவிடப் பூனைகள் அதிகம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவனுக்கு வேறு பேச்சில்லை. அந்தப் பூனைகளுக்கென்று தினமும் தட்டிலிருந்து ஒரு துண்டு மீன் எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். தினமும் நாங்கள் அதை எடுத்து எறிவோம். கப்பலில் ஏறும்போதும் ஒரு துண்டு இருந்தது.

பூனை பார்க்க வேண்டுமென்றால் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். அது அந்தக் காலம். இப்போது யாரும் எதையும் பார்ப்பதில்லை, தின்பதில்லை, குடிப்பதில்லை. எல்லாவற்றையும் 'அனுபவிக்கிறார்கள்'. எங்களுக்குக் கிடைத்தது 'சிறார் பூனை அனுபவம்: ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு. இரண்டரை மணி நேரம். படிகள் பன்னிரண்டு. கழிப்பறைகள் இரண்டு. பூனைகள், இருப்பைப் பொறுத்து.' இதற்கென்று சிறார் இறங்கு சீட்டு தனி. அது இல்லாமல் எந்தக் குழந்தையும் கரைக்குப் போகும் படகில் கால் வைக்கக் கூடாது.

காலை ஒன்பது மணிக்கு வரிசையில் நின்றோம். முன்னால் அண்ணன், அண்ணி ஹரூலா, பெரியவன். சீட்டைக் காட்டினார்கள். இயந்திரம் பச்சை விளக்கு காட்டியது. பின்னால் நாங்கள். எனக்குப் பச்சை, லெமோனியாவுக்குப் பச்சை, சின்னவனுக்குச் சிவப்பு.

"இந்தக் குழந்தை ஏற்கெனவே இறங்கிடுச்சு சார்" என்றான் காவலாள்.

"எங்கேப்பா இறங்கிச்சு? என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதே!"

"மேசையில போய்க் கேளுங்க."

மேசை என்றால் கரைச் சுற்றுலா மேசை. அதற்குப் பின்னால் ஸ்வோன்கோ என்ற அதிகாரி வீற்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் மூன்று பொன் பட்டை. கப்பல் ஓட்டுகிறவருக்கே நான்குதான். படகேறப் போன அண்ணன் குடும்பமும் திரும்பி வர, நாங்கள் ஆறு பேரும் அவர் முன் போய் நின்றோம். அவர் கணினியைப் பார்த்தார். பிறகு எங்களை, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி பார்த்தார்.

"இரட்டைப் பதிவு" என்றார். "லாம்ப்ரோஸ் வெர்கிஸ், லாம்ப்ரோஸ் வெர்கிஸ். ஒரே பேர், ஒரே குடும்பம், ஒரே பதிவு எண். யாரோ தவறுதலா ரெண்டு தடவை எழுதிட்டாங்கன்னு கணினி ஒண்ணை நீக்கிடுச்சு."

"தவறுதலா இல்லைங்க. ரெண்டு பேருங்க!"

"பிறந்த தேதி வேற வேற இருக்கே" என்றாள் அண்ணி.

"இருக்கும்மா. அதையும் கணினி கவனிச்சிருக்கு. ஒருத்தருக்கு நாலு வயசு, அஞ்சு வயசுன்னு ரெண்டு வயசு இருக்க முடியாதில்லையா? அதனால கூட்டி ஒன்பதுன்னு எடுத்துக்கிச்சு. பாருங்க, அதுல இன்னொரு சிக்கல். ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பூனை அனுபவம் கிடையாது. கோட்டை அனுபவம் தரலாம். ஆயிரத்து முன்னூத்தி அம்பது படி."

படி என்ற சொல்லைக் கேட்டதும் லெமோனியா வரைபடத்தில் சிவப்பைத் தேடினாள்.

நான் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவனில்லை. இரண்டு பிள்ளைகளையும் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தேன். "ஐயா, உங்களுக்கு எண்ணத் தெரியுமில்ல? ஒண்ணு. ரெண்டு."

"பார்வைக்கு ரெண்டுதான் சார், நான் மறுக்கல. ஆனா பார்வை பதிவேடு ஆகாதே."

"ரெண்டு பாஸ்போர்ட் இருக்கு!"

ஸ்வோன்கோ குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஆள் ரெண்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கிறது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா? குழந்தைன்னு நானே கண்டுக்காம விட்டிருக்கேன். நீங்களா எடுத்துக் காட்டாதீங்க."

அண்ணன் சட்டென்று பாஸ்போர்ட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அந்த மனுசரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வழி சொன்னார். இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து எங்கள் முன் வைத்தார். 'மேற்படி இருவருள் அசல் இன்னார் எனக் குடும்பத்தார் ஒருமனதாக எழுதித் தருவார்களேயாயின், மற்றவர் நகல் எனக் கொள்ளப்பட்டு, நகலுக்கும் தனியே இறங்கு சீட்டு வழங்கப்படும்.'

"அவ்வளவுதான்" என்றார். "ஒருத்தர் அசல், ஒருத்தர் நகல்னு எழுதுங்க, ரெண்டு பேரும் இறங்கலாம். வயசும் சரியாயிடும். கடைசிப் படகு பன்னிரண்டரைக்கு. இப்ப மணி ஒன்பதரைதான் ஆகுது."

கேட்டீர்களா? ஒரு வரி. ஒரு கையெழுத்து. கரையில் பூனைகள். மூளை உள்ள குடும்பம் அரை நிமிடத்தில் முடித்திருக்கும்.

"அப்ப என் பையன் அசல்னு எழுதிடலாம்" என்றான் அண்ணன், பேனாவை எடுத்தபடி.

"எதுக்கு?" என்றேன்.

"எதுக்கா? மூத்தவன் நான். முதல்ல பொறந்தது அவன்."

"பொறந்தது அவன்தான். பேர் வெச்சது யாருக்கு முதல்ல?"

இதை நான் கேட்டிருக்கக் கூடாது. எங்கள் ஊரில் ஞானஸ்நானத் தண்ணீரில் முக்கி எடுக்கும்வரை பிள்ளைக்குப் பெயர் கிடையாது, வெறும் 'பாப்பா'தான். பெரியவனுக்கு ஞானத்தகப்பனாக வரவேண்டியவர் சரக்குக் கப்பல்காரர். இந்த மாதம் வருகிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்று ஒன்றரை வருடத்துக்குமேல் இழுத்தார். அதற்குள் எனக்குப் பிள்ளை பிறந்தது, ஆறாம் மாதமே முக்கினோம், அப்பா பெயரை வைத்தோம். அண்ணனுக்கு மூன்று வாரம் முன்னால்.

"திருட்டுப் பயலே!" என்றான் அண்ணன், பொன் பட்டைக்காரர் முன்னிலையில். "நாலு வருசமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்டா!"

"உன் பையன் நடந்துக்கிட்டு இருந்தான், அப்பவும் பேரு பாப்பா! அப்பா பேரு காத்துல பறந்துக்கிட்டு இருக்கட்டும்னு விடச் சொல்றியா?"

"தம்பி, நாக்கை அடக்குங்க" என்றாள் அண்ணி. "அன்னிக்குக் கோயில்ல பாதிரியார் 'மறுபடியும் லாம்ப்ரோஸா?'ன்னு கேட்டாரே, எனக்கு உசிரு போச்சு."

"அக்கா, எங்கப்பா பேரு வெக்கலாம்னுதான் நான் சொன்னேன்" என்றாள் லெமோனியா. "இவரு கேட்டாரா? அண்ணன் முந்திக்குவான், முந்திக்குவான்னு தூங்கவே இல்ல."

கட்டிய மனைவியே காட்டிக்கொடுத்தால் என்ன செய்வது? நான் குரலை உயர்த்தினேன். அண்ணன் அதைவிட உயர்த்தினான். அப்பாவின் கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், ஈஸ்டருக்கு ஆட்டுக்குட்டியை யார் வாங்கினார்கள், யார் யாருக்கு எந்த ஆண்டு போன் செய்யவில்லை, எல்லாம் வந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஸ்வோன்கோ காபி வரவழைத்துக்கொண்டார்.

சின்னவன் என் சட்டையை இழுத்தான். "அப்பா, நகல்னா என்ன?"

"சும்மா இருடா."

"நகல்னா பூனை பாக்கப் போகலாமா?"

"ரெண்டு பேருமே போகலாம் கண்ணு, யாராவது ஒருத்தர் நகலா இருந்தா" என்றார் ஸ்வோன்கோ.

"அப்ப நான் நகல்!" என்று கத்தினான் சின்னவன்.

"இல்ல, நான்தான் நகல்!" என்றான் பெரியவன்.

"நான் நகல்! நான் நகல்!" என்று இரண்டும் மேசைமேல் குதித்தன.

"வாயை மூடுடா!" என்று நாங்கள் இரண்டு தகப்பன்களும் ஒரே நேரத்தில் சீறினோம். "நீ அசல்டா!" அன்று முழுவதும் அண்ணனும் நானும் ஒத்துப்போன ஒரே இடம் அது.

பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். சின்னவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அப்போதாவது நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பேனா அண்ணன் கையில் இருந்தது. அவனிடம் போய்ப் பேனா கேட்பதா?

பன்னிரண்டரைக்குக் கடைசிப் படகு போயிற்று. ஸ்வோன்கோ படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"வருந்துகிறேன். அசல் யாருமில்லை என்று முடிவாகிறது. அசல் இல்லாத இடத்தில் நகலும் இல்லை. பதிவு ரத்து செய்யப்படுகிறது."

சின்னவன் கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்தபடி நின்றான். பிறகு பையிலிருந்த மீனை எடுத்துக் கடலில் போட்டான். அழக்கூட இல்லை.

மாலையில் அறைக் கதவுக்கடியில் ஒரு கடிதம் கிடந்தது. 'மதிப்பிற்குரிய வெர்கிஸ் தம்பதியர் இரு ஜோடிக்கு: தங்களுக்குக் குழந்தைகள் இல்லை என்பது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. நேர்ந்த சிரமத்துக்கு ஈடாக, நாளை பாரி துறைமுகத்தில் குழந்தைகளற்றோருக்கான திராட்சை மது அனுபவத்தை இலவசமாக வழங்குவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். ஆறு மணி நேரம். மதிய உணவு உண்டு.'

நான்கு பேரும் கொதித்துப்போனோம். "அநியாயம்!" என்றான் அண்ணன். "பெத்தவங்களைப் பாத்துச் சொல்ற வார்த்தையா இது?" என்றாள் அண்ணி. இதை நாங்கள் தொடவே மாட்டோம் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

கடிதம் கைமாறிக் கைமாறி லெமோனியாவிடம் வந்தது.

"ஆறு மணி நேரமா?" என்றாள் லெமோனியா. அந்த வரைபடத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், போனோம். பிள்ளைகளைக் கப்பலின் விளையாட்டு அறையில் விட்டோம். அங்கிருந்த பெண் பதிவேட்டைத் திறக்கவில்லை, பேர்கூடக் கேட்கவில்லை. வந்த பிள்ளைகளை எண்ணி, சட்டை முதுகில் ஆளுக்கொரு எண் ஒட்டினாள். அந்தக் கப்பலில் எண்ணத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். லெமோனியா முந்திப்போய் நின்றதால் சின்னவனுக்குப் பதினாலு, பெரியவனுக்குப் பதினைந்து.

மது அருமையாக இருந்தது. சாப்பாடு அதைவிட. அண்ணனும் நானும் தோளில் கைபோட்டுக்கொண்டோம், அப்பாவை நினைத்து இருவரும் அழுதோம். கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

மாலை பிள்ளைகளைக் கூட்டிப்போகப் போனோம். வாசலில் நின்று, "லாம்ப்ரோஸ்!" என்று கூப்பிட்டேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

"அந்தப் பேரைக் கேட்டதும் ரெண்டு பேர் ஒளிஞ்சுக்கிட்டாங்க" என்றாள் அந்தப் பெண். "எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்க."

என்ன செய்வது? "பதினாலு!" என்றேன். மேசைக்கு அடியிலிருந்து என் மகன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். "பதினஞ்சு!" என்றான் அண்ணன். பெரியவன் ஓடிவந்தான். பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள். அப்பாடா, எல்லாம் தீர்ந்தது என்று நானும் சிரித்தேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. என் மகனின் முதுகைப் பார்த்தான், தன் மகனின் முதுகைப் பார்த்தான், என் பக்கம் திரும்பினான்.

"டேய் ஃபோதிஸ்," என்றான், "மூத்தவன் நான் இருக்கிறப்ப, பதினாலு எப்படிடா உன் பையனுக்குப் போச்சு?"