இருபத்தெட்டாம் தேதி ஆட்டங்கள்

லீவு இல்லை என்று இரண்டாம் தடவையும் பதில் வந்துவிட்டது.

யேசுதாசன் செல்போனைக் கார்மேகத்திடம் நீட்டினார். ஹெச்.ஆர். ஜலஜா அனுப்பிய இரண்டே வரி. டிசம்பர் கடைசியில் லிஃப்ட் டெக்னீஷியன் யாருக்கும் விடுமுறை கிடையாது. புத்தாண்டு பிறக்கும்போது துபாயில் உயரமான கட்டடம் ஒவ்வொன்றிலும் வாணவேடிக்கை பார்க்க மொட்டைமாடிக்குக் கூட்டம் ஏறும். அன்றைக்குப் பார்த்து ஒரு லிஃப்ட் நின்றால் கம்பெனி மானம் போய்விடும்.

“பொண்ணு கல்யாணம்னு எழுதுனீங்களாண்ணே?”

“எழுதினேன். தேதியத் தள்ளி வைக்க முடியுமான்னு கேக்காரு ஜி.எம்.”

தள்ள முடியாது. குளச்சலில் அவருடைய பங்குக் கோவிலில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பண்டிகை முடிந்ததும் ஊரே வரிசையில் நிற்கும். கோவிலும் மண்டபமும் சேர்ந்து கிடைத்த ஒரே நாள் டிசம்பர் இருபத்தெட்டு. மாப்பிள்ளை பெபினுக்குக் குவைத்தில், மங்காஃப் பக்கம் வேலை. அவன் லீவும் அந்த வாரத்தோடு முடிகிறது. மகள் ரினியைக் கைப்பிடித்துப் பீடம் வரை அழைத்துப் போக அப்பா மட்டும்தான் பாக்கி.

மனைவி சுகிர்தராணி போனில் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“நீங்க வரலன்னா பிள்ளைய உங்க தம்பி கொண்டு போவாரு. அவருகிட்ட சொல்லியாச்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தம்பியோடு யேசுதாசனுக்கு ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

கார்மேகம் எலெக்ட்ரீஷியன். துபாய் சத்வாவில் இருவரும் தங்கியிருந்த அறையில் பக்கத்துக் கட்டில். யோசித்துக்கொண்டே இருந்தவன் பார்வை ஆணியில் தொங்கிய தொப்பி மேல் நின்றது.

ஊதா நிறத் தொப்பி. முன்பக்கத்தில் கொம்பு வைத்த கவசமும் மஞ்சள் மீசையுமாக ஒருத்தன். லிஃப்ட் மோட்டார் அறைகளுக்கு வெயிலில் நடக்க வேண்டியிருக்கிறதே என்று சத்வா தெருவோரத்தில் வாங்கியது. மீசைக்காரன் யார் என்று யேசுதாசன் விசாரித்ததில்லை.

“புது ஜி.எம். வந்த அன்னைக்கு இதப் பாத்துட்டு என்னமோ சொன்னாருல்ல?”

“கட்டைவிரலத் தூக்கிக் காட்டிட்டு, ‘கிரேட் டீம்’னு சொன்னாரு.”

“அப்ப இது அவரு டீமுண்ணே.”

ஜி.எம். ஹார்லன் அமெரிக்கர். கார்மேகம் போனில் தேடிப் பார்த்தான். மீசைக்காரன் மினசோட்டா அணியின் சின்னம். அமெரிக்கன் ஃபுட்பால். பெயர்தான் அப்படி. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் ஓடுகிறான், எதிரணி மொத்தமும் அவன் மேல் விழுகிறது.

ஜி.எம்.மின் டிரைவர் செய்கு முகம்மது கீழக்கரைக்காரர். அவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். ஆமாம், கார் ஏறினால் சார் போனில் அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் போட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறார், வாய்க்குள் முணுமுணுக்கவும் செய்கிறார் என்றார் செய்கு.

“முத்திப் போன ரசிகர்ணே” என்றான் கார்மேகம். “உங்க கல்யாணத் தேதியில அந்த ஆட்டத்துல எதாச்சும் விசேஷம் நடந்திருக்கான்னு பாப்போம். அதச் சொல்லி ஆரம்பிங்க. மனுசன் இளகிருவாரு.”

தேடியதும் கிடைத்தது. 1975, டிசம்பர் 28. ஆட்டம் முடியப் போகிற நேரம். தோற்றுக்கொண்டிருந்த டல்லாஸ் அணிக்காரர் பந்தைத் தொலைதூரத்துக்கு எறிகிறார். பிடித்துவிடுகிறார்கள், ஜெயித்துவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னேன் என்கிறார் எறிந்தவர். அப்படிப்பட்ட எறிக்கு அங்கே இன்றைக்கும் அந்த ஜெபத்தின் பெயர்தான்.

யேசுதாசன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். “மாதாவே தேதி குறிச்சுத் தந்திருக்கா மக்கா.”

மறுநாள் காலை, பர் துபாய் ஆபீஸ் வாசலில், ஒத்திகை பார்த்த ஆங்கிலத்தில் மொத்தத்தையும் ஒப்பித்தார். ஹார்லன் அவர் முகத்தைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். திரும்ப முகத்தைப் பார்த்தார். அதை யாரால் மறக்க முடியும் என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார். பின்னால் போன டீ குடிக்கப்படாமல் திரும்பி வந்தது.

சாயங்காலம் கார்மேகம் அந்தச் செய்தியின் கீழ்ப்பாதியையும் படித்தான்.

“அண்ணே, அன்னைக்குத் தோத்தது யாரு தெரியுமா?”

“யாரு?”

அவன் ஆணியில் தொங்கிய தொப்பியைக் காட்டினான்.

பிடித்தவன் எதிராளியைத் தள்ளிவிட்டுத்தான் பிடித்தான், நடுவர் கவனிக்கவில்லை என்று மினசோட்டாக்காரர்கள் இன்னும் சொல்லி மாய்கிறார்களாம்.

“சாவு விழுந்த துஷ்டி வீட்டுல போய் வாழ்த்துச் சொன்னது போல ஆயிட்டே” என்றார் யேசுதாசன்.

ஆற்றுவதற்கு வேறொன்று வேண்டும். அதே தேதி, மினசோட்டா வாடையே படாத ஆட்டம். 1958 கிடைத்தது. பால்டிமோர், நியூயார்க்கைத் தோற்கடித்து சாம்பியன் ஆன நாள். பட்டத்துக்கான போட்டி முதன்முதலாகக் கூடுதல் நேரத்துக்குப் போனது அப்போதுதான். இதுவரை நடந்ததிலேயே மகத்தான ஆட்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு.

லிஃப்டில் ஹார்லன் தனியாக மாட்டினார். ஆபீஸ் எட்டாவது மாடி. யேசுதாசன் பால்டிமோரில் தொடங்கிக் கூடுதல் நேரத்துக்கு வருவதற்குள் ஹார்லன் கதவு திறந்த மூன்றாவது மாடியில் இறங்கிப் போய்விட்டார். அங்கே ஒரு பல் ஆஸ்பத்திரிதான் இருந்தது.

அவர் பிறந்த ஊர் நியூயார்க் என்று ஜலஜா மதியம் சொன்னாள்.

அதிலிருந்து ஹார்லன் லிஃப்டில் ஏறுவதை விட்டார். எட்டு மாடியும் படி. இறங்கும்போதும் படி. லிஃப்ட் கம்பெனியின் ஜி.எம்.மே லிஃப்டில் ஏறப் பயப்படுகிறார் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. ஜலஜா போன் செய்து, சொந்தக் கட்டடத்து லிஃப்டையே ஒழுங்காகப் பார்க்க முடியாதா என்று கேட்டாள்.

யேசுதாசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை லிஃப்டை நிறுத்தினார். கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு முழு சர்வீஸ். ஜி.எம். கண்ணில் படட்டும் என்று தரைத்தளத்தில் பெரிய அறிவிப்புப் பலகையும் வைத்தார்.

அன்றைக்குப் பார்த்துக் கம்பெனி முதலாளியான அரபி, சொல்லாமல் வந்தார். வெள்ளை அங்கியான கந்தூராவின் விளிம்பை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டு மாடியும் ஏறினார். மேலே போய் மூச்சு திரும்பியதும் ஹார்லனின் அறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே நடந்தது என்ன என்று தெரியவில்லை. ஆனால் ஆறாவது மாடியில் கிரீஸ் கையோடு இருந்த யேசுதாசனுக்கு, இல்லை இல்லை என்று அரபி கத்திய ‘மாஃபி, மாஃபி’ லிஃப்ட் குழி வழியாகத் தெளிவாகக் கேட்டது.

இனி லீவு என்ன, வேலையே இருக்குமா என்று தெரியாது. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அவர் படியில் ஏறினார். ஏழாவது மாடித் திருப்பத்தில் ஹார்லன் டையைத் தளர்த்திவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓட அவருக்குத் தெம்பில்லை.

யேசுதாசன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மினசோட்டாவுக்கு ஒரு மன்னிப்பு, நியூயார்க்குக்கு ஒரு மன்னிப்பு, லிஃப்டுக்கு ஒரு மன்னிப்பு. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்ட ஹார்லன், சோர்ந்த குரலில், அந்தத் தேதியில் இன்னும் ஏதாவது நடந்திருக்கிறதா என்றார்.

யேசுதாசனுக்குத் தெம்பு வந்தது. தன்னைவிட மோசமாக அடிபட்டவன் கதையைக் கேட்டால் யாருக்கும் மனம் ஆறும். 2008-ஐச் சொன்னார். டெட்ராய்ட் அணி. ஒரு சீசனில் பதினாறு ஆட்டம், பதினாறும் தோல்வி. கடைசித் தோல்வி டிசம்பர் இருபத்தெட்டு. பதினாறும் தோற்றவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை.

“அவங்களும் அடுத்த வருசம் ஆட வந்தாங்க சார்” என்று ஆறுதலாக முடித்தார்.

ஹார்லன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

டெட்ராய்ட் ஒருவேளை சாருக்கு மாமனார் வீடோ?

கைகளுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. லீவு எடுத்துக்கொள். நீ கேட்ட இருபதாம் தேதி வேண்டாம், பதினெட்டாம் தேதியே கிளம்பு. ஷார்ஜா கிளையிலிருந்து ஆளைப் போட்டுக்கொள்கிறேன். கலாஸ், பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலம் சுகிர்தராணிக்குப் போன் போட்டார். “தம்பியும் வரட்டு. பந்தியப் பாக்க ஆளு வேணும்லா” என்றாள். யேசுதாசன் சரி என்று சொல்லிவிட்டார்.

பதினெட்டாம் தேதி மதியம் விமான நிலையத்துக்குப் போக ஜி.எம். தன் காரையே அனுப்பியிருந்தார். யேசுதாசன் ஊதாத் தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

“மூணு தோல்வியையும் கிளறி விட்டுட்டேன். எல்லாத்தையும் மன்னிச்சிட்டாரு பாத்தியா” என்றார். “ரசிகன்னா அவருதான் செய்கு.”

செய்கு முகம்மது விமான நிலைய வாசலில் காரை நிறுத்தினார். பெட்டிகளை இறக்கித் தள்ளுவண்டியில் அடுக்கிய பிறகு கேட்டார்.

“திரும்பி என்னைக்குண்ணே வர்றீங்க?”

“ஜனவரி பதினொண்ணு. என்ன காரியமா கேக்குத?”

“சார்தான் கேட்டுட்டு வரச் சொன்னாரு” என்றார் செய்கு. “மொத நாளு உங்க தொப்பியப் பாத்து மரியாதைக்கு ஒரு வார்த்த சொன்னதோட சரி, அவரு ஆயுசுல அந்த ஆட்டம் ஒண்ணுகூடப் பாத்ததில்லையாம். நீங்க வந்து நின்னு பேசுனா ஈடு கொடுக்கணுமேன்னுதான் கார்ல கேட்டுக் கேட்டுப் படிச்சிருக்காரு, இனி ஜனவரி பதினொண்ணுல என்னென்ன ஆட்டம் நடந்துச்சுன்னு இப்பருந்தே படிக்கணுங்கிறாரு.”