ஆயுசுக்கும் வராது என்று சொன்னேன்

படித்தவன் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. மற்றவர்கள் தெரியாமல் செய்வார்கள்; படித்தவன் விளக்கம் சொல்லிக்கொண்டே செய்வான். நான் பொண்ணு பார்க்கப் போன லட்சணமும் அப்படித்தான்.

கொரோனாக் காலம். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞான ஆசிரியர். எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகக் கொரோனா பிடித்ததும் எனக்கே (எதிலாவது நான் முதலாவதாக வர வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டது அப்போதுதான் பலித்தது). குணமாகி வந்ததும், அம்மை கண்டவர்களுக்குச் செய்வது போலவே, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு எனக்கு மூன்று தண்ணீர் ஊற்றினார் அம்மா.

"ஆத்தா ஒருக்கா வந்து எறங்கிட்டா, இனி திரும்பிப் பாக்க மாட்டா," என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டும். பதிலாக, "ஆமாம்மா, ஒடம்புல பிறபொருளெதிரி உண்டாயிருச்சு. கிருமி வந்தா அதுவே அடையாளங்கண்டு அடிச்சு வெரட்டிரும்," என்று ஆத்தாவுக்கு விஞ்ஞானச் சட்டை மாட்டிவிட்டேன்.

எங்கள் பக்கம் அம்மை கண்ட வீட்டுக்குள், ஏற்கெனவே அம்மை கண்டவர்தான் போய்ச் சோறு கொடுப்பார். அந்த வழக்கப்படி, அடைத்துவைத்த லயத்து வீடுகளுக்கெல்லாம் சாமான் கொண்டுபோகும் ஆள் நானானேன். மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டு வீட்டுக்கு வீடு தேத்தண்ணி குடித்தேன். மாதங்கள் ஓடின. ஒன்றும் ஆகவில்லை.

அந்தத் தைரியத்தோடுதான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பூனாகலைக்குப் போனேன். சுகந்தியின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே இந்தச் சம்பந்தம் கைகூட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவள் வேலை பிள்ளைக் காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். அவளுடைய அப்பாவுக்கு மூச்சிழுப்பு. அதனால் வாசலிலேயே தள்ளித் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்.

"உள்ளயே ஒக்காரலாமுங்க," என்றேன். "எனக்கு வந்து போயிருச்சு. இனி ஆயுசுக்கும் வராது."

"அப்படிங்களா மாஸ்டர்?" என்றவர், படித்தவன் சொல்கிறானே என்று நாற்காலிகளை உள்ளே போட்டார். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். இடையிடையே தொண்டையைச் செருமிக்கொண்டேன் (பூனாகலைக் குளிர் என்று நினைப்பு).

தேத்தண்ணியும் பணியாரமும் கொண்டுவந்த சுகந்தி நின்று கேட்டாள். "எங்க காம்பராவுல பிள்ளைங்களுக்கு மாசா மாசம் சளி வருதுங்க. அதுவும் வைரஸ்னுதான சொல்றாங்க. அதுக்கு மட்டும் பிறபொருளெதிரி உண்டாகாதுங்களா?"

என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட அவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. "அது வேறங்க," என்று சொல்லிவிட்டுப் பணியாரத்தைக் கடித்தேன். சப்பென்று இருந்தது. போகட்டும், சமையலை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணி, "பிரமாதம்," என்று நான்கு தின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து ஆள் கருவாட்டுப் பையை மடியில் வைத்திருந்தார். மாஸ்க்கையும் மீறி எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள்.

"எப்படிடா சும்மா ஒக்காந்திருக்க?" என்றார் அம்மா.

முன்பின் தெரியாத அந்த மனிதரின் பைக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தேன். ஒன்றுமே இல்லை. பணியாரத்தின் மேல் குற்றமில்லை என்று அப்போது விளங்கியது.

மறுநாள் டெஸ்ட் எடுத்தார்கள். பொசிட்டிவ். சுகாதாரப் பரிசோதகர் வந்து வாசலில் நின்றே சொன்னார்: "அம்மைய ஒடம்பு பெரும்பாலும் ஆயுசுக்கும் ஞாபகம் வச்சிருக்கும் மாஸ்டர். இதுல சில மாசத்துலயே எதிர்ப்பு கொறஞ்சிரும், வைரசும் மாறிக்கிட்டே இருக்கு. ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியாதது போலத்தான் நடந்திருந்தேன். நான்காம் நாள் சுகந்திக்குக் காய்ச்சல். அவளுடைய அப்பாவைப் பதுளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடைபட்ட அறைக்குள் அழுதேன். சம்பந்தம் போனால் போகட்டும், அந்த மனிதருக்கு மூச்சு நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வாசலில் போட்ட நாற்காலியை உள்ளே போட வைத்தது நான்தானே. தினமும் சுகந்திக்குப் போனில் கோல் எடுப்பேன். "இன்னிக்கும் அப்படியேதான்," என்று வைத்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒன்பதாம் நாள் அவரே போனில் பேசினார். குரல் கம்மியிருந்தது. "கஞ்சி குடுத்தாங்க மாஸ்டர். ருசியே தெரியல. எம்மவ பணியாரத்த நீங்க பிரமாதம்னு சொன்னது எப்படின்னு இப்பத்தான் வெளங்குது."

"மன்னிச்சிருங்க ஐயா," என்றேன்.

அவர் தேறி வீட்டுக்கு வந்தார். சுகந்தி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். "ஒன்பது நாளும் கோல் எடுத்தீங்க, ஒரு நாள்கூட விளக்கம் சொல்லல," என்றாள் காரணம் கேட்டபோது. தாலி கட்டி நிமிர்ந்தேன், மாமனார் மாஸ்க்குக்குள்ளிருந்து, "இது எத்தன மாசத்துக்கு மாஸ்டர்?" என்றார்.

இன்றைக்கும் நான் எதையாவது அடித்துப் பேசத் தொடங்கினால் சுகந்தி அடுப்படிக்குப் போய்ப் பெருங்காய டப்பாவோடு வருவாள். "மொதல்ல இத மோந்து பாத்துட்டுப் பேசுங்க." நானும் மோந்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.